வெல்டிங் பட்டறையில கண்ணுக்குத் தெரியாத புகைய குறைக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

பட்டறைக்கு புதுசா வர்ற பசங்ககிட்ட புகைய பத்தி பேச்செடுத்தா எல்லாரும் முதல்ல கேக்குறது "அண்ணே எந்த மாஸ்க் வாங்கலாம்"னு தான். இந்த வழிகாட்டியில மாஸ்க் 8வதா தான் வருது. முன்னாடி இருக்குற ஏழு விஷயத்தையும் விட்டுட்டு மாஸ்க் மட்டும் வாங்குனவங்க ரெண்டு வாரத்துல அத ஆணியில மாட்டிட்டு மறுபடி கர்ச்சீப் கட்டிக்கிறத நான் எத்தனையோ தடவ பாத்துட்டேன், ஏன்னா புகை அடர்த்தியா இருந்தா மாஸ்க் சீக்கிரம் அடைச்சுக்கும், மூச்சு முட்டும், நம்ம வெயிலுக்கு அது தாங்காது.

கடலூர் முதுநகர், புதுச்சேரி தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் மாதிரி இடத்துல மூணு நாலு பேர வச்சு கேட், கிரில், தகர ஷெட், கொஞ்சம் போட் ரிப்பேர்னு ஓட்டுற பட்டறைக்காரங்கள மனசுல வச்சு எழுதுறேன். பெரிய கம்பெனில இதுக்குன்னு சேஃப்டி ஆபீசர் இருப்பாரு, நமக்கு நாம தான்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில வேண்டியது

ஊதுபத்தி ஒரு கட்டு, நல்ல வெளிச்சமான டார்ச், இஞ்ச் டேப், சாக்பீஸ், ஒரு நோட்டு. மிச்சத்த எல்லாம் அப்புறமா வாங்கிக்கலாம்.

நோட்டுல பட்டறைய படமா போடுங்க. வாசல் எந்த திசை, ஜன்னல் எங்க, பேன் எங்க, யாரு எந்த இடத்துல உக்காந்து வெல்டிங் அடிக்கிறா, கட்டிங் கிரைண்டிங் எங்க நடக்குது, டீ குடிக்கிற இடம் எது, தண்ணி குடம் எங்க. வெல்டருக்காவது மூஞ்சில ஷீல்டு இருக்கு, பக்கத்துல ஜாப்ப (வெல்டிங் அடிக்கிற பொருள) புடிச்சிட்டு நிக்கிற ஹெல்பருக்கு எதுவுமே இல்ல, அதனால அவன் நிக்கிற இடத்தையும் குறிங்க. இத எல்லாரும் மறக்குறாங்க.

அப்புறம் சரக்கு லிஸ்ட். என்ன ராடு, என்ன ஒயர், எம்எஸ்ஸா (சாதா இரும்பு) எஸ்எஸ்ஸா (எவர்சில்வர்) ஜிஐயா (ஜிங்க் பூசுன இரும்பு). வெல்டிங் புகையில 90 சதவீதத்துக்கு மேல வர்றது ராடுல இருந்தும் ஒயர்ல இருந்தும் தான், அடிக்கிற பிளேட்டுல இருந்து வர்றது கொஞ்சம். அதனால ராடு டீலர்கிட்ட அந்த ராடோட சேஃப்டி டேட்டா ஷீட்ட வாட்ஸ்அப்ல அனுப்ப சொல்லுங்க. அதுல மாங்கனீசு, குரோமியம், நிக்கல், ஃபுளோரைடு எவ்ளோன்னு பாத்து நோட்டுல எழுதிக்கோங்க, எந்த வேலைக்கு ரொம்ப கவனம் வேணும்னு அந்த நாலு பொருள வச்சு தான் முடிவு பண்ண போறோம்.

2. புகை எங்க போகுதுன்னு முதல்ல பாருங்க

சாயங்காலம் இருட்டுனப்புறம் லைட்ட அணைச்சிட்டு ஒருத்தர அடிக்க சொல்லுங்க. நீங்க கருப்பு கண்ணாடி போட்டுக்கிட்டு தள்ளி நில்லுங்க, ஆர்க் (ராடு முனையில எரியுற வெளிச்சம்) முடிஞ்ச அடுத்த நொடி கண்ணாடிய கழட்டிட்டு புகைக்கு அந்தப் பக்கம் டார்ச்ச புடிச்சு இந்தப் பக்கத்துல இருந்து பாருங்க. சினிமா தியேட்டர்ல புரொஜெக்டர் வெளிச்சத்துல தூசி பறக்குற மாதிரி தெரியும். பகல்ல ஒண்ணுமே இல்லன்னு நெனச்ச இடத்துல எல்லாம் புகை நிக்கிறது அப்ப தான் புரியும்.

அதுலயும் நீங்க பாக்குறது பெரிய துகள் தான். ஆர்க்ல மெட்டல் ஆவியாகி காத்து பட்டு உறையும் போது உருவாகுற துகள் 0.1 மைக்ரானுக்கும் கீழ இருக்கும், தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான். இத தான் அல்ட்ராஃபைன் துகள்னு சொல்றாங்க. பொறந்த உடனே ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சங்கிலி சங்கிலியா கொஞ்சம் பெருசாகும், அப்பவும் பெரும்பாலானது 1 மைக்ரானுக்கு உள்ள தான்.

இதுல ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும். ஒண்ணு, 0.1 மைக்ரான் துகள் அசையாத காத்துல ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தான் கீழ இறங்கும். அதாவது கீழ படிஞ்சுரும்னு காத்திருக்குறதுல அர்த்தமே இல்ல, நாம வெளிய தள்ளுனா தான் உண்டு. ரெண்டாவது, பெரிய தூசி மூக்குலயும் தொண்டையிலயும் மாட்டி சளியா வெளிய வந்துரும், இது நுரையீரலோட கடைசி காத்துப் பை வரைக்கும் போய் உக்காரும்.

டார்ச் வேலை முடிஞ்சதும் ஊதுபத்திய கொளுத்தி ஒவ்வொரு வெல்டிங் இடத்துலயும் அஞ்சு நிமிஷம் புடிங்க. புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு நோட்டு படத்துல அம்புக்குறி போடுங்க. காலைல ஒரு தடவ, மதியம் ரெண்டு மணிக்கு மேல ஒரு தடவ. ஏன் ரெண்டு தடவன்னு 5வதுல சொல்றேன்.

3. ஜாப்ப சுத்தம் பண்ணாம ராட தொடாதீங்க

பெயிண்ட், ரெட் ஆக்சைடு, கிரீஸ், துரு, ஜிங்க் பூச்சு எல்லாமே ஆர்க்ல எரிஞ்சு புகையாகும். ஜாயிண்ட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்ச் வரைக்கும் கிரைண்டர் போட்டு வெறும் மெட்டல் தெரியுற வரைக்கும் எடுங்க. இது ஒண்ணுக்கும் காசு செலவில்ல, அஞ்சு நிமிஷ வேலை, ஆனாலும் எல்லாரும் தாண்டி போறது இத தான்.

ஜிஐ பைப்ப பத்தி தனியா சொல்லணும். 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சு கடலூர்ல இருக்குற கூரைய எல்லாம் தூக்கிட்டு போனப்புறம் அடுத்த மூணு மாசம் எங்களுக்கு மூச்சு விட நேரமில்ல, ஷெட் ஷெட்டா ஜிஐ பைப்ல கூரைய தாங்குற டிரஸ் அடிச்சோம். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு போயி சாப்ட உக்காந்தேன், சோறு இறங்கல, வாயில காசு வச்ச மாதிரி ஒரு இரும்பு ருசி, ராத்திரி பத்து மணிக்கு மேல குளிர் தூக்கி தூக்கி போடுது, ரெண்டு போர்வை போத்தியும் பத்தல, வீட்ல மலேரியான்னு பயந்துட்டாங்க. மறுநாள் மதியத்துக்குள்ள எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து உக்காந்துட்டேன். அது ஜிங்க் புகை காய்ச்சல். புகை உள்ள போயி நாலஞ்சு மணி நேரம் கழிச்சு ஆரம்பிக்கும், ஒரு நாள் ரெண்டு நாள்ல போயிரும். தானா போயிர்றதால தான் யாரும் இத பெருசா எடுத்துக்கிறதில்ல, ஆனா நீங்க அன்னிக்கு எவ்ளோ புகைய உள்ள இழுத்திருக்கீங்கன்னு உடம்பு போட்ட கணக்கு அது.

இதுக்கு பால் குடிச்சா போதும், வெல்லம் தின்னா போதும், வாழைப்பழம் சாப்ட்டா புகை இறங்கிரும்னு மேஸ்திரிங்க சொல்லுவாங்க. நானும் குடிச்சிருக்கேன், பால் நல்லது தான், குடிங்க. ஆனா பால் வயித்துக்கு போகுது, புகை நுரையீரலுக்கு போகுது, ரெண்டும் எங்கயும் சந்திக்காது.

இன்னொன்னு ரொம்ப முக்கியம். எண்ணெய் துடைக்க குளோரின் கலந்த கிளீனர் சிலது வரும், பிரேக் கிளீனர், டீகிரீசர்னு ஸ்பிரே டப்பாவுல. அத அடிச்சு காயறதுக்கு முன்னாடி ஆர்க் போட்டா அந்த வெப்பத்துலயும் புற ஊதா வெளிச்சத்துலயும் பாஸ்ஜீன்னு ஒரு விஷ வாயு உருவாகலாம், ஆளையே கொல்லுற சமாச்சாரம் அது. டப்பா மேல குளோரின் சம்பந்தப்பட்ட பேரு எதுவும் இருந்தா வெல்டிங் பக்கமே கொண்டு வராதீங்க. சோப்புத் தண்ணி போட்டு துடைச்சு நல்லா காய விட்டா போதும்.

4. மிஷின் செட்டிங்லயே நிறைய குறைக்கலாம்

3.15 மில்லிமீட்டர் ராடு பெட்டி மேல எத்தன ஆம்பியர்ல இருந்து எத்தன வரைக்கும்னு அச்சடிச்சிருப்பாங்க. 110ல அழகா ஓடுற ராட சீக்கிரம் முடியணும்னு 140ல வச்சு ஓட்டுவாங்க நம்ம ஆளுங்க. கரண்ட் ஏற ஏற மெட்டல் அதிகமா ஆவியாகும், புகை ஏறும், ஸ்பேட்டரும் (தெறிக்குற பொறி) ஏறும். கீழ்ப்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு பீட் (வெல்டிங் கோடு) நல்லா விழுற இடத்துல நிறுத்துங்க.

ஆர்க் நீளமும் அப்படித்தான். ராட தூக்கி புடிச்சா ஆர்க் நீளமாகும், புகை கூடும். ராடோட கனம் எவ்ளோவோ அதுக்கு மேல இடைவெளி விடாதீங்க.

ஈரமான ராடு இன்னொரு தலைவலி. கடல் பக்கத்துல இருக்கோம், ஐப்பசி கார்த்திகைல பெட்டிய பிரிச்சு வச்சா ரெண்டு நாள்ல ஈரம் ஏறிரும், அந்த ராடு பொறிஞ்சுக்கிட்டே எரியும். 7018 நம்பர் ராடு அடிக்கிறவங்க ஓவன்ல வைக்கணும்னு தெரியும், 6013 வச்சிருக்கவங்க மூடி டைட்டா இருக்குற டப்பாவுல போட்டு வைங்க.

எந்த முறையில எவ்ளோ புகைன்னு தெரிஞ்சுக்கோங்க. ஃபிளக்ஸ் கோர் ஒயர் ரொம்ப அதிகம், அடுத்து சாதா ராடு, அப்புறம் ஒயர் ஓடுற சிஓடூ மிஷின் (மிக்), ஆர்கான் வெல்டிங் (டிக்) தான் கம்மி. சிஓடூ மிஷின்ல சுத்தமான சிஓடூவுக்கு பதிலா ஆர்கான் கலந்த கேஸ் போட்டா புகை குறையும், செலவு கூடும், அது உங்க கணக்கு. எஸ்எஸ்ஸ ராடுல அடிக்கிறத முடிஞ்ச வரைக்கும் ஆர்கானுக்கு மாத்திருங்க. எஸ்எஸ் புகையில ஆறு இணைதிறன் குரோமியம்னு ஒண்ணு வரும், அது புற்றுநோய் உண்டாக்குறது, ராடுல அடிச்சா அது அதிகமா வரும்.

ஆர்கான்ல புகையே இல்லன்னு நெனச்சு ஏமாறாதீங்க. கண்ணுக்கு தெரியுற புகை தான் கம்மி, எண்ணிக்கையில குட்டித் துகள் அங்கயும் இருக்கு, கூடவே ஓசோன் வரும், அலுமினியம் அடிக்கிறப்ப ரொம்ப. தொண்டை கரகரன்னு எரிஞ்சா அதுவா இருக்கலாம். ஆர்கான் டார்ச்சுல மாட்டுற டங்ஸ்டன் ராடுல சிவப்பு முனை இருந்தா அதுல தோரியம்னு கதிரியக்க பொருள் இருக்கு, தேய்க்கும் போது அந்தத் தூசி உள்ள போகும். லாந்தனம் கலந்ததா கேட்டு வாங்குங்க.

5. தலைய எங்க வைக்கிறது, காத்து எங்க இருந்து வரணும்

புகை சூட்டுல நேரா மேல எழும்பும். நாம ஜாப் மேல குனிஞ்சு நேரா அந்தத் தூணுக்குள்ள தலைய விட்டுட்டு அடிக்கிறோம், ஷீல்டுக்கு கீழ தாடை பக்கம் இடைவெளில புகை உள்ள ஏறி அங்கயே சுத்துது. தலைய ஒரு சாண் பக்கவாட்டுல வச்சாலே உள்ள போறது ரொம்ப குறையும். இதுக்கு ஜாப்ப தூக்கி ஸ்டாண்டுல வைக்கணும், தரையில குத்த வச்சு உக்காந்து அடிச்சா தலை தானா புகைக்குள்ள தான் போகும். பழைய ஐ பீம் துண்டுல இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு அடிச்சுக்கோங்க, நமக்கு என்ன பெரிய வேலையா அது.

காத்து விஷயத்துல புதுசா வர்றவங்க எல்லாரும் ஒரே தப்ப பண்றாங்க. முதுகுக்கு பின்னாடி ஸ்டாண்டு பேன வச்சுக்குறாங்க, புகை முன்னாடி தள்ளி போயிரும்னு. போகாது. முதுகுல மோதுற காத்து உடம்ப ரெண்டு பக்கமும் சுத்தி முன்னாடி வந்து நெஞ்சுக்கு முன்னால சுழலும், அந்த சுழல் புகைய இழுத்து நேரா மூஞ்சிக்கே கொண்டு வரும். ஊதுபத்திய நெஞ்சுக்கு நேரா புடிச்சு பாருங்க, மேல ஏறி மூக்குக்கு வர்றது தெரியும். காத்து பக்கவாட்டுல இருந்து, இடது கையில இருந்து வலது கைக்கு போற மாதிரி வரணும்.

சிஓடூ மிஷின், ஆர்கான் அடிக்கிறவங்க பேன நேரா ஆர்க் மேல திருப்பாதீங்க, கேஸ் கலைஞ்சு பீட் முழுக்க ஓட்டை விழும். செகண்டுக்கு 2 மீட்டருக்கு மேல காத்து அடிச்சா தாங்காது.

இப்ப காலை மதியம் கதைக்கு வர்றேன். நம்ம ஊர்ல பெரும்பாலான நாள் காலைல காத்து மேக்க இருந்து கடல் பக்கம் போகும், மதியத்துக்கு மேல கடக்காத்து ஏறும், அப்ப கிழக்க இருந்தோ தென்கிழக்க இருந்தோ வரும். காலைல சரியா இருந்த இடம் மதியம் தலைகீழா ஆயிரும், வாசல் வழியா வெளிய போன புகை அதே வாசல் வழியா உள்ள வரும். அதனால தரையில சாக்பீஸ்ல ரெண்டு இடம் குறிச்சு வைங்க, காலைல ஸ்டாண்டு இங்க, கடக்காத்து ஏறுனப்புறம் அங்க. மழை காலத்துல வாடைக் காத்துக்கு நாலு பக்கமும் தார்ப்பாய இறக்கி கட்டிருவோம், புகைக்கு அத விட மோசமான மாசம் வேற இல்ல. ஒரு பக்கம் தார்ப்பாய மேல ரெண்டு அடியாவது திறந்து விடுங்க, சூடான புகை கூரைக்கு கீழ தான் போய் சேரும், அது வெளிய போக வழி அங்க தான் வேணும்.

6. உறிஞ்சுற குழாய், இது தான் நிஜ வேலை

சுவத்துல எக்ஸாஸ்ட் பேன் மாட்டிட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கிறாங்க. அது புகைய முதல்ல உங்க மூஞ்சி வழியா இழுத்து, அப்புறம் பட்டறை முழுக்க பரப்பி, கடைசியா கொஞ்சத்த வெளிய தள்ளும். 2019 பிப்ரவரில பிரிட்டன்ல தொழிலாளர் பாதுகாப்ப பாக்குற அரசு அமைப்பு (எச்எஸ்இ) விதிய மாத்துனப்ப இத தான் சொன்னாங்க, சாதா எம்எஸ்ஸா இருந்தாலும் உள்ள வச்சு அடிச்சா பொதுவான காத்தோட்டம் மட்டும் பத்தாது, புகை பொறக்குற இடத்துலயே உறிஞ்சணும்னு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2017ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகைய மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் பிரிவுல சேத்துட்டாங்க.

உறிஞ்சுற குழாய்ல எல்லாமே தூரம் தான். ஆர்க் இருக்குற இடத்துல காத்து செகண்டுக்கு அரை மீட்டர் வேகத்துல, அதாவது நிமிஷத்துக்கு 100 அடி, குழாய் பக்கமா நகரணும். 6 இஞ்ச் குழாய் வாய ஆர்க்ல இருந்து 6 இஞ்ச்ல வச்சா அதுக்கு ஏறக்குறைய 270 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு கன அடி) காத்து போதும். 12 இஞ்ச் தள்ளி வச்சா 1020 வேணும். 18 இஞ்ச் ஆனா 2270. தூரம் ரெண்டு மடங்கானா காத்து நாலு மடங்கு வேணும், அதனால பெரிய மோட்டார் வாங்குறத விட குழாய பக்கத்துல இழுக்குறது தான் புத்தி.

ஒரு பட்டறையில நல்ல காசு போட்டு உறிஞ்சி மாட்டியிருந்தாங்க, போய் பாத்தா குழாய் வாய் தலைக்கு மேல மூணு அடி உயரத்துல கல்யாண வீட்டு லைட் மாதிரி தொங்குது. ஏன்னு கேட்டா "கிட்ட வச்சா ஷீல்டுல இடிக்குதுண்ணே"ங்குறான். புகை அந்த வாய்க்கு போற வழியில அவன் தலை தான் இருக்கு. பக்கவாட்டுல, தலைக்கு எதிர்ப்பக்கம், 45 டிகிரி சாய்வா, ஒரு சாண் தூரத்துல வைக்கணும். ஒரு ரன் முடிஞ்சு நகந்தா குழாயும் கூட நகரணும், அதுக்காக தான் அடியில காந்தம் வச்ச வாய் கேட்டு வாங்க சொல்றேன்.

புளோயர் வாங்கும் போது வீட்டு எக்ஸாஸ்ட் பேன் மாதிரி இறக்கை வச்சது வாங்காதீங்க, குழாய் மாட்டுன உடனே அதுக்கு மூச்சு போயிரும். நத்தை மாதிரி சுருண்ட கூடு இருக்குற சென்ட்ரிஃபியூகல் புளோயர் தான் குழாய் வழியா இழுக்கும். குழாய் வாய சுத்தி மூணு இஞ்ச் அகலத்துக்கு ஒரு தகரத் தட்டு வெட்டி காலர் மாதிரி வச்சு அடிச்சீங்கன்னா பின்னாடி பக்கத்துல இருந்து வீணா காத்து இழுக்காது, தேவையான காத்துல கால்வாசி மிச்சம். குழாய் நீளம் கம்மியா, வளைவு கம்மியா, வளைவும் முழங்கை மாதிரி வெடுக்குன்னு இல்லாம பெருசா இருக்கணும்.

புகைய எங்க விடுறீங்கன்னும் பாருங்க. கூரைக்கு மேல தூக்கி விடுங்க, பக்கத்து டீக்கடை ஜன்னலுக்கு நேரா விட்டா அது அவங்க நுரையீரலுக்கு கை மாத்துறது. ஃபில்டர் போட்டு மறுபடி பட்டறைக்குள்ளயே விடுற மிஷின்னா ஹெப்பா ஃபில்டர் இருக்கான்னு கேளுங்க, சாதா துணி ஃபில்டர் குட்டித் துகள தாராளமா வெளிய விடும்.

எச்சரிக்கை ஒண்ணு. அணையாத பீடிய குழாய் வாய்க்கு பக்கத்துல வச்சா உள்ள இழுத்துட்டு போயிரும், ஃபில்டர்ல சேந்திருக்குற தூசி பத்திக்கும். ஸ்பேட்டர் பொறியும் அப்படித்தான், ஃபில்டருக்கு முன்னாடி ஒரு பொறி தடுப்பு கட்டாயம் வேணும். அலுமினியம் கிரைண்டிங் தூசியையும் இரும்பு தூசியையும் ஒரே குழாய்ல போட வேண்டாம், ரெண்டும் சேந்தா தீ ரொம்ப மோசமா புடிக்கும்.

சரியா வேலை செய்யுதான்னு பாக்க அதே ஊதுபத்தி தான். ஆர்க் போடப் போற இடத்துல புடிங்க, புகை தயங்காம நேரா குழாய்க்குள்ள படுத்துக்கிட்டே போனா சரி, மேல எழும்பி யோசிச்சுட்டு போனா இன்னும் பக்கத்துல இழுங்க. தினமும் காலைல ஒரு தடவ.

7. டேங்க், போட் அடித்தளம் மாதிரி மூடுன இடம்

ஸ்டீல் போட்டோட இஞ்சின் ரூம்ல, தண்ணி டேங்க்ல இறங்கி அடிக்கிறது தனி வேலை, மேல சொன்னது எதுவும் அங்க பத்தாது. புகை மட்டும் பிரச்சினை இல்ல, ஆர்கானும் சிஓடூவும் காத்த விட கனம், கீழ தேங்கி ஆக்சிஜன வெளிய தள்ளிரும். சாதா காத்துல 20.9 சதவீதம் ஆக்சிஜன் இருக்கு, 19.5க்கு கீழ போனா உள்ள இறங்கவே கூடாது. மயக்கம் வர்றது கூட தெரியாது.

முறை இது: முதல்ல கேஸ் மீட்டர கயித்துல கட்டி மேல, நடுவுல, அடியிலன்னு மூணு இடத்துல பாருங்க. ஒரு புளோயர்ல நல்ல காத்த உள்ள தள்ளுங்க, இன்னொண்ணுல ஆர்க் பக்கத்துல இருந்து வெளிய இழுங்க. நல்ல காத்து எடுக்குற வாய் ஜெனரேட்டர் சைலன்சர் பக்கத்துல இருக்கான்னு போய் பாருங்க, போட் வேலையில இது அடிக்கடி நடக்கும், டீசல் புகையையே உள்ள தள்ளிக்கிட்டு இருப்பாங்க. மேல ஒருத்தர் வேலை முடியுற வரைக்கும் நகராம நிக்கணும், டீ வாங்க கூட அவர அனுப்பாதீங்க. உள்ள யாராவது விழுந்தா அவரும் குதிக்க கூடாது, கயித்துல இழுக்கணும்.

மூச்சு முட்டுதுன்னு ஆக்சிஜன் சிலிண்டர உள்ள திறந்து விடுறவங்களும் இருக்காங்க. தயவு செஞ்சு வேண்டாம், ஆக்சிஜன் ஏறுனா சட்டை ஒரு பொறியில பந்தம் மாதிரி எரியும். சாப்பாட்டுக்கு ஏறும் போது வெல்டிங் டார்ச்சையும் கேஸ் ஹோஸையும் வெளிய எடுத்துருங்க, கசிஞ்சுக்கிட்டு இருந்தா ஒரு மணி நேரத்துல உள்ள என்ன ஆகும்னு யோசிங்க.

8. இப்ப மாஸ்க்

கர்ச்சீப், துணி மாஸ்க், நீல சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் இதுக்கு ஆகாது. ஐஎஸ் 9473ங்குற இந்திய தர எண் போட்ட எஃப்எஃப்பி2 இல்லன்னா எஃப்எஃப்பி3, அல்லது என்95. இவ்ளோ சின்ன துகள் மாஸ்க் ஓட்டை வழியா போயிராதான்னு எல்லாரும் கேக்குறாங்க, மாஸ்க் ஜல்லடை மாதிரி வேலை செய்யல. 0.3 மைக்ரான் பக்கத்துல இருக்குறது தான் புடிக்க கஷ்டம், அத விட குட்டியானது காத்து மூலக்கூறு இடிச்சு இடிச்சு தள்ளாடிக்கிட்டே போயி இழையில தானா ஒட்டிக்கும். ஃபில்டர் விடாது, ஓரம் தான் விடும்.

சாயங்காலம் மாஸ்க்க கழட்டி உள்பக்கம் பாருங்க. மூக்கு எலும்பு பக்கத்துல மெல்லிசா ஒரு கருப்பு கோடு ஓடியிருந்தா அந்த வழியா தான் நாள் முழுக்க புகை போயிருக்கு. மூக்கு கம்பிய ஒரு கையால கிள்ளாதீங்க, ரெண்டு கை விரலால நடுவுல இருந்து ஓரத்துக்கு அழுத்துங்க. ரெண்டு பட்டையும் போடணும், ஒண்ண மட்டும் மாட்டிட்டு இன்னொண்ண தாடைக்கு கீழ தொங்க விடக் கூடாது. தாடி இருந்தா ஒட்டாது, சபரிமலைக்கு மாலை போட்ட மாசத்துல தாடிய எடுக்க சொல்ல முடியாது, அவங்களுக்கு எஸ்எஸ் வேலையும் டேங்க் வேலையும் குடுக்காம கட்டிங் பக்கம் மாத்தி விடுங்க.

இந்த வகை மாஸ்க் நல்லா ஒட்டுனா பத்துல ஒரு பங்கா குறைக்கும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. ஓசோன் மாதிரி வாயுவ தடுக்காது, ஆக்சிஜன் இல்லாத இடத்துல எதுக்கும் உதவாது. நாள் முழுக்க எஸ்எஸ் அடிக்கிறவங்களுக்கு இடுப்புல பேட்டரி புளோயர் வச்ச ஹெல்மெட் தான் சரி, விலை கடிக்கும், ஆனா குளிர்ந்த காத்து மூஞ்சில வர்றதால வெயில்ல கூட கழட்ட மாட்டாங்க.

9. அளக்கணும்னா

காத்துல தூசி அளக்குற வீட்டு பிஎம் 2.5 மீட்டர வாங்கி வச்சு பச்சை விளக்கு எரியுதுன்னு சந்தோஷப்படாதீங்க. அது வெளிச்சம் சிதறுறத வச்சு அளக்குது, 0.3 மைக்ரானுக்கு கீழ அதுக்கு கண்ணு தெரியாது. காலைல விட மதியம் கூடுதா குறையுதான்னு ஒப்பிட்டு பாக்க மட்டும் வச்சுக்கலாம்.

முறையா அளக்குறதுன்னா இடுப்புல சின்ன பம்ப், காலர் பக்கத்துல, ஷீல்டுக்கு உள்பக்கமா வர்ற மாதிரி ஃபில்டர் கேசட், ஒரு ஷிப்ட் முழுக்க போட்டு லேப்ல எடை பாப்பாங்க. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட இரண்டாவது அட்டவணையில வெல்டிங் புகைக்கு 8 மணி நேர சராசரி உச்ச அளவா ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம்னு வச்சிருந்தாங்க. லேப் ரிப்போர்ட்ல 4 வந்தா பாஸ்னு ஃபைல்ல வச்சுராதீங்க, மாங்கனீசு தனியா கேளுங்க. அமெரிக்காவுல தொழில் சுகாதாரத்துக்கான ஏசிஜிஐஎச் அமைப்பு 2013ல இருந்து மாங்கனீசுக்கு சொல்ற அளவு 0.02 மில்லிகிராம். 5 மில்லிகிராம் புகையில 5 சதவீதம் மாங்கனீசு இருந்தாலே 0.25, பன்னெண்டரை மடங்கு. மாங்கனீசு வருஷக் கணக்குல சேந்தா நரம்ப புடிக்கும், கை நடுங்கும்.

எடையும் எண்ணிக்கையும் வேற வேற. ஒரே ஒரு 10 மைக்ரான் தூசியோட எடைக்கு 0.1 மைக்ரான் துகள் 10 லட்சம் வேணும். அதனால எடை கம்மியா காட்டுறதுக்காக துகள் கம்மின்னு ஆகாது.

10. சாயங்காலம் கூட்டும் போது

காலைல இருந்து கஷ்டப்பட்டு வெளிய தள்ளுனத கம்ப்ரசர் ஏர் அடிச்சு அஞ்சு நிமிஷத்துல மறுபடி கிளப்பிருவாங்க. சட்டைக்கும் ஏர் அடிச்சு உதறுவாங்க, அதுல ஒரு சுகம். ரெண்டும் வேண்டாம். தரையில தண்ணி தெளிச்சு கூட்டுங்க, உறிஞ்சி ஃபில்டர மாஸ்க் போட்டுக்கிட்டே கழட்டி பையில கட்டுங்க. வேலை சட்டைய பட்டறையிலயே மாத்திட்டு, வீட்ல குழந்தைங்க துணியோட சேக்காம தனியா ஊற வைங்க. கை கழுவாம பீடி, வெத்தல, டீ எதுவும் தொடாதீங்க.

11. உடம்ப பாத்துக்குறது

புது ஆள் சேந்த உடனே ஊதிப் பாக்குற நுரையீரல் டெஸ்ட் ஒண்ணு எடுத்து வைங்க, ஸ்பைரோமெட்ரின்னு கேட்டா தெரியும், புதுச்சேரி ஜிப்மர்ல நுரையீரல் மருத்துவத்துக்கு தனிப் பிரிவே இருக்கு. முதல் நாள் அளவு இல்லன்னா பத்து வருஷம் கழிச்சு குறைஞ்சுதா இல்லையான்னு யாராலயும் சொல்ல முடியாது. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவ. ரிப்போர்ட்ட ஆளுக்கே குடுத்துருங்க, அவன் நாளைக்கு வேற பட்டறைக்கு போனாலும் கூட போகணும்.

வெல்டருங்களுக்கு நிமோனியா சுலபமா புடிக்குது, புடிச்சா கடுமையாவும் இருக்கு, அதனால நிமோகாக்கல் தடுப்பூசி பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. எந்த டாக்டர்கிட்ட எந்த இருமலுக்கு போனாலும் "நான் வெல்டிங் பண்றேன், இந்த ராடு, இத்தன வருஷம்"னு நீங்களே முதல்ல சொல்லிருங்க. கேக்குறதுக்காக காத்திருந்தா இருமல் டானிக் எழுதி குடுத்து அனுப்பிருவாங்க, 1வதுல எழுதுன அந்த நோட்ட கையில எடுத்துட்டு போங்க.